பதிவிரக்கம்

எங்கள் கீழ்த்தெருவில் தண்ணீரைக் கண்டு யாருக்கும் பயமில்லை. சிக்னலைக் கண்டுதான் பயம்.

காரணம் இருக்கிறது. தெருவுக்கு மேலே ஏரி. ஏரிக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு மண் கரை. ஏரி நிரம்பினால் தண்ணீர் மட்டம் என் சைக்கிள் கடைக் கூரைக்கு மேலே நிற்கும். கரையில் மதகு, மதகில் இரும்பு ஷட்டர்கள். நேரத்துக்கு ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் வாய்க்கால் வழியே மரியாதையாகப் போய்விடும். தூக்காவிட்டால் கரை உடைந்து எங்கள் தெரு வழியே போகும். தூக்க வேண்டியவர் மதகுக்காரர். என் கடைக்குப் பக்கத்து வீடு. அவர் மனைவி வாசலில் மெஷின் போட்டு ஊருக்கே துணி தைக்கிறார். கரை உடைந்தால் முதலில் முழுகுவது அவர் குடும்பம்தான். அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

முன்பெல்லாம் ஷட்டரைத் தூக்க ஒரு இரும்புக் கைப்பிடி இருந்தது. மாட்டிச் சுற்றினால் ஏறும். நீர்த்தேக்கத் துறையின் இயக்குநர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஐயையோ, இதை யாரு வேணும்னாலும் சுத்தலாமே!" என்று திடுக்கிட்டார். கைப்பிடி தலைமையகத்துக்குப் போனது. அங்கே வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், தனி விளக்கு வெளிச்சத்தில் இன்றைக்கும் இருக்கிறது. அதற்குப் பதிலாக மதகறைச் சுவரில் பொத்தான் வைத்த ஒரு பெட்டி வந்தது. அதில் இரண்டு எண்களை அழுத்த வேண்டும். ஒன்று ஊழியரின் சொந்த எண். இன்னொன்று திறப்பு எண். திறப்பு எண் ஒவ்வொரு முறையும் புதிது. உத்தரவோடு மெயிலில் வரும்.

மெயில் வருவது மதகறைக்கு அல்ல, தலைமையகத்தில் இருக்கும் வழங்கிக்கு. சர்வர் என்று நாம் சொல்வதைத் துறையில் வழங்கி என்று சொல்ல வேண்டும். சிக்னல் இருந்தால் அதற்குள் எட்டிப்பார்த்துப் படித்துக்கொள்ளலாம். கரையில் சிக்னல் ஒரே ஒரு கல்லின் மேல்தான் கிடைக்கும். சிக்னல் கல் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். மழை பெய்தால் அந்தக் கல்லிலும் கிடைக்காது. ஷட்டர் தூக்க வேண்டிய நாள் மழை நாளாகத்தான் இருக்கும் என்பதைத் துறை இன்னும் கவனிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் மதகுக்காரர் அந்தக் கல்லின் மேல் குடையோடு நின்றார். போனில் மெயிலின் தலைப்பு மட்டும் தெரிந்தது: "உடனே திறக்கவும்." அதைத் தொட்டார். ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பகல் முழுக்கச் சுற்றியது. தண்ணீர் கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றபோது மழையே மனமிரங்கி ஓய்ந்தது. நாங்கள் சட்டி பானைகளை மூட்டை கட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரம் துறை ஒரு பாராட்டுச் சான்றிதழ் வழங்கியது, வழங்கிக்கு.

"போய்க் கேளுங்களேன்" என்றார் அவர் மனைவி. "மெயிலை நம்ம போன்லயே இறக்கிக்கிற மாதிரி பண்ணித் தரச் சொல்லுங்க. சிக்னல் இருக்கிறப்போ அதுபாட்டுக்கு இறங்கிக் கெடக்கட்டும். மழையில எடுத்துப் படிச்சுக்கலாம்ல?"

அந்தம்மா கணினி படித்தவரில்லை. துணி மழையில் நனையக்கூடாது என்றால் வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்தவர், அவ்வளவுதான். மதகுக்காரருக்கு அதிகாரிகள் என்றாலே தொடை நடுங்கும். ஆனாலும் தலைமையகத்துக்குப் போனார். இனிமேல் நான் சொல்வது அவர் என் கடையில் உட்கார்ந்து டீ ஆறிப்போக ஆறிப்போகச் சொன்னது. கூட்டியது ஒன்றுமில்லை. கொஞ்சம் குறைத்திருக்கிறேன், நம்ப மாட்டீர்கள் என்பதால்.

மெயிலுக்குத் துறையில் மடல் என்று பெயர். அந்த மடல் பிரிவில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வழங்கி பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சூடு ஆகாது என்பதால் அறையே பல் கிடுகிடுக்கும் குளிர். ஊழியர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ரகசியக் குரலில் பேசுகிறார்கள். வழங்கிக்கு முதுகைக் காட்டக்கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்களாம். இவர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து பிரிவு அதிகாரியின் மேசைக்குப் போனார்.

"ஐயா, டவுன்லோடு வேணுங்க."

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அந்த வார்த்தையை இங்க சொல்லக்கூடாது" என்றார் பிரிவு அதிகாரி, கெட்ட வார்த்தை கேட்டவர் மாதிரி. "இயக்குநர் உத்தரவு. பதிவிறக்கம்."

"சரிங்கய்யா. அது வேணும்."

"எதுக்கு?"

"மழையில சிக்னல் இல்லீங்க. மெயில் நம்மகிட்டயே இருந்துச்சுன்னா…"

"இருங்க, இருங்க. மடல் யாரோடது?"

"துறையோடதுங்க."

"துறையோட மடல் உங்ககிட்ட ஏன் இருக்கணும்?"

"படிக்கத்தாங்கய்யா."

"படிக்கிறதுக்கு வச்சுக்கணுமா என்ன?" அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மடல் எங்ககிட்ட இருக்கும். நீங்க ஜன்னல் வழியா பாக்கலாம். பாத்துட்டுப் போகலாம். ஜன்னல் சாத்தியிருந்தா, தொறக்கிற வரைக்கும் நிக்கலாம், யாரும் உங்களை எதுவும் சொல்ல மாட்டாங்க. இதுதான் வழங்கி முறை. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. இறக்கிக்கிறதுன்னா ஆளுக்கொரு பிரதி. நாளைக்கு உங்க பிரதி ஒண்ணு சொல்லும், எங்களோடது ஒண்ணு சொல்லும். எதை நம்புறது?"

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

"வழங்கியில இருக்கிறதுதான் உண்மை. வெளியில இருக்கிறது வெறும் பிரதி. வழங்கியில ஒண்ணு இல்லைன்னு வைங்க, வெளியில இருக்கிற பிரதியும் இருக்கக்கூடாது. நீக்கிடணும். அதுக்குப் பேரு ஒத்திசைவு." அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லும் குழைவு இருந்ததாம்.

"மழை பெஞ்சு, படிக்க முடியாம போயி, கரை உடைஞ்சுதுன்னா என்னங்க பண்றது?"

"மழை எங்க பிரிவுல வராது."

மதகுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அதிகாரிக்கே பாவமாகப் போய்விட்டது போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தினார்.

"உங்களை மாதிரித்தான் பம்ப் அறையில ஒருத்தர் இருந்தாரு. மடலையெல்லாம் அச்செடுத்து வீட்டுல வச்சிருந்தாரு. சொன்னாக் கேக்கல."

"அவரை மாத்திட்டீங்களாங்கய்யா?"

"இப்போ இல்ல."

"வேற ஊருக்கா?"

"இப்போ இல்லைன்னு சொன்னேன்" என்றார் அதிகாரி. "சரி, ஆசைப்பட்டு வந்துட்டீங்க. விண்ணப்பம் போட்டுட்டுப் போங்க. கையால எழுதக்கூடாது. தட்டச்சர்கிட்ட வாயால சொல்லணும்."

தட்டச்சர் மூலையில் கம்பளிக்குள் இருந்தார். மதகுக்காரர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிமிர்ந்தார்.

"பதிவிறக்கம். இதுல எந்த 'ர' போடட்டும்? சின்னதா, பெரிசா?"

இங்கேதான் இவர் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார். படிப்பு இல்லாததால் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தவர்தான். ஆனால் அந்தக் குளிரில், அத்தனை கம்பளிகளுக்கு நடுவில், பெரியதாக எதையாவது கேட்டால் பேராசைக்காரன் என்று நினைத்துவிடுவார்களோ என்று தோன்றியிருக்கிறது.

"பெரிசெல்லாம் வேணாங்க. சின்னதே போதும்" என்றார்.

தட்டச்சர் சின்ன 'ர' போட்டார். மடல் பதிவிரக்கம் வேண்டி மதகுக்காரரின் விண்ணப்பம். டவுன்லோடு என்று ஊர்ப்பேச்சில் அடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சில நாள் கழித்து அழைப்பு வந்தது. மடல் பிரிவிலிருந்து அல்ல, இரக்கப் பிரிவிலிருந்து. விண்ணப்பத்தைப் படித்த யாரோ, இறக்கம் என்பது என்னவென்று தெரியாவிட்டாலும் இரக்கம் என்பது தெரிந்த சொல்லாக இருந்ததால், அங்கே தள்ளிவிட்டிருக்கிறார்கள். வேலையில் இருக்கும்போது செத்துப்போனவர்களின் குடும்பத்துக்கு வேலையும் உதவியும் தருவதுதான் இரக்கப் பிரிவின் பணி.

அங்கே ஒரு அம்மா இருந்தார். துறை கொடுத்த வெள்ளைக் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே பேசினார். வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஒற்ற வேண்டும் என்பது விதி.

"உங்க இழப்புக்குத் துறை ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிச்சுக்குது. இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?"

"யாரும்மா இறந்தது?"

அவர் திரையைப் பார்த்தார். "மதகுக்காரர்."

"அது நாந்தாம்மா."

"ஓ." கைக்குட்டையை மடித்து வைத்தார். "பொதுவா வாரிசுங்கதான் வருவாங்க. நீங்களே வந்திருக்கீங்க, நல்ல பொறுப்பு."

"அம்மா, நான் சாகலம்மா! மெயில் இறங்கணும்னு கேட்டேன்."

"இரக்கம் கேட்டிருக்கீங்க. இதோ இருக்கே. இங்க பாருங்கய்யா, உயிரோட இருக்கிறவங்களுக்கு இரக்கம் காட்ட எங்களுக்கு அதிகாரமே கிடையாது. விண்ணப்பத்தை ஏத்துக்கணும்னா, நீங்க இறந்திருக்கணும். ஏத்துக்கிட்டோம்."

"அப்போ ரத்து பண்ணிடுங்கம்மா, எனக்கு ஒண்ணும் வேணாம்."

"ரத்து பண்ண விண்ணப்பதாரர் உயிரோட இருக்கணும்."

"இருக்கேனே! உங்க முன்னாடி நிக்கிறேனே!"

"இங்க நிக்கிறீங்க" என்று பொறுமையாக விளக்கினார் அந்த அம்மா. "வழங்கியில இல்ல. சாவுக்குக் காரணம்னு ஒண்ணு போடணும், 'பணி'ன்னு போட்டிருக்கோம். உங்களுக்கும் கௌரவம், துறைக்கும் கௌரவம். கவலைப்படாதீங்க, உங்க மடலையெல்லாம் வழங்கியிலேருந்து எடுத்து மொத்தமா உங்க வாரிசுக்கு இறக்கிக் குடுத்துடுவோம். அதானே உங்க கடைசி ஆசை?"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இயக்குநரையே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று மாடிக்கு ஓடினார். இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். வாசலில் நின்ற காவலாளி, "இரங்கல் கூட்டம். பின்னாடி உக்காருங்க, பேசக்கூடாது" என்று உள்ளே விட்டார். மேடையில் மாலை போட்ட படம். இவருடைய அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கி வைத்திருந்தார்கள்.

இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். "உத்தரவு இல்லாம ஒரு நாளும் அவர் மதகைத் தொறந்ததில்லை. உத்தரவு வந்தப்போவும் தொறக்கலைன்னு சிலர் சொல்லுவாங்க. அதுதான் நண்பர்களே கட்டுப்பாடு! இந்த மாதிரி ஊழியர்கள்தான் துறைக்கு வேணும். பேச மாட்டாங்க, கேக்க மாட்டாங்க, சம்பளம் வாங்க மாட்டாங்க. தண்ணி வரும், போகும். ஊர் இருக்கும், போகும். வழங்கி நிக்கும்."

கைதட்டினார்கள். பிறகு மௌன அஞ்சலி. மதகுக்காரரும் எழுந்து நின்றாராம். ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் நிக்கிறப்போ உக்காந்திருந்தா மரியாதையா இருக்காதே" என்றார்.

சிரிக்கத்தான் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அவர் டீயைத் தொடவேயில்லை. எழுந்து போகும்போது தன் கையைத் தானே ஒருமுறை கிள்ளிப் பார்த்துக்கொண்டதைக் கண்டேன்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. மனைவி பயந்துவிடுவாராம். "நடந்துட்டு இருக்கு, இரக்கம் காட்டுறேன்னு சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அதனால்தான், அந்தம்மாவின் போனுக்குத் துறையிலிருந்து "மடல்களை இறக்கிக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டு ஒரு செய்தி வந்தபோது, கையிலிருந்த ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு சந்தோஷமாக "சம்மதம்" என்பதை அழுத்திவிட்டார். கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. யார் படிக்கிறார்கள்?

மதகுக்காரர் வழக்கம்போல் வேலைக்குப் போய்வந்தார். ஒருநாள் ஒரு ஆள் வந்து மதகறைப் பெட்டியில் எதையோ சொருகி எடுத்துக்கொண்டு போனான். உயிரோடு இருப்பவர்களின் பட்டியலைப் புதுப்பித்தானாம். மதகுக்காரர் அவனுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டு உதவினார்.

பிறகு மழை பிடித்தது.

விடாமல் பெய்து, பட்டப்பகலே அந்தி மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. நான் கடைச் சாமான்களைப் பரணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தம்மா முந்தானையால் போனை மூடிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணே! மதகு மெயிலெல்லாம் என் போனுக்கு வருதுண்ணே! அவருக்கு வந்த பழசு மொத்தமும் வந்து இறங்குச்சு. இப்போ பாருங்க, இது!"

பார்த்தேன். "எல்லா ஷட்டர்களையும் உடனே திறக்கவும். தாமதித்தால் கரை தாங்காது. திறப்பு எண் கீழே." உத்தரவுப் பிரிவுக்கு இவர் செத்தது தெரியாது. அதுபாட்டுக்கு இவர் முகவரிக்கு அனுப்பியிருக்கிறது. வாரிசின் போன் அதை உறிஞ்சிக்கொண்டுவிட்டது. வழங்கியில் இப்போது அது இல்லை. ஷட்டரைத் தூக்க வேண்டியவர் மேலே கரையில். தூக்கும் எண் கீழே, கரை உடைந்தால் முதலில் முழுகப்போகும் வீட்டில்.

"அவருக்குப் போன் போடுங்கம்மா."

"போகலையேண்ணே! இப்போ சிக்னலே போயிடுச்சு."

ஆனால் மெயில் போகவில்லை. அது போனுக்குள்ளேயே கிடந்தது, அந்தம்மா ஆரம்பத்தில் சொன்ன மாதிரியே. சைக்கிளை எடுத்து அவரைப் பின்னால் உட்கார வைத்து மிதித்தேன். என் கால்கள் அன்றைக்கு மிதித்ததை இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

மதகுக்காரர் சிக்னல் கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தார். குடை பின்பக்கம் மடங்கிப்போயிருந்தது. கரைக்கு மேலே அலை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தம்மா போனை நீட்டினார். மூன்று பேரும் மதகறைக்குள் ஓடினோம்.

அவர் தன் எண்ணை அழுத்தினார். திறப்பு எண்ணை அழுத்தினார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு பெண் குரல் பேசியது: "இந்த ஊழியர் உயிருடன் இல்லை. உயிருடன் உள்ள ஊழியரை அணுகவும்."

மறுபடி அழுத்தினார். மறுபடி அதே குரல், அதே பணிவு.

"என்னங்க சொல்லுது இது?" என்றார் அந்தம்மா. மதகுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான்தான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கணவர் எப்படிச் செத்தார் என்பதை ஒரு பெண்ணிடம், அவர் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கரையும் உடையப்போகும் நேரத்தில் சொல்லும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது.

அந்தம்மா அழவில்லை. போனை நோண்டினார். "காலையில இன்னொண்ணு வந்துச்சுங்க. எனக்குப் புரியல. இருங்க… இதோ. 'இரக்க அடிப்படையில் தங்கள் கணவரின் பணியிடத்தில் தங்களை நியமிக்கிறோம். தங்கள் ஊழியர் எண்…'"

எண்ணை அழுத்தினார். ஈர விரல் வழுக்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம். கணவரை இழந்து வாடும் தங்களுக்குத் துறையின் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றது பெட்டி. ஷட்டர்கள் முனகிக்கொண்டு ஏறின.

தண்ணீர் வாய்க்காலுக்குள் பாய்ந்த சத்தத்தில் கரையே அதிர்ந்தது. எங்கள் தெரு பிழைத்தது. அந்தம்மா கணவரின் தோளைப் பிடித்து உலுக்கி, "ஏங்க, தொறந்துடுச்சுங்க! தொறந்துடுச்சு!" என்று சிரித்தார், அழுதார். நானும் அழுதேன். எழுந்து நின்ற மதகுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். தப்பித்தவரின் முகமாக அது இல்லை. அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை சற்று ஓய்ந்து தூறலாக நின்ற நாளில் அந்தம்மாவுக்கு ஒரு மெயில் வந்தது. என்னிடம் காட்டினார். முதல் பத்தியில் வெள்ளத்தைத் தடுத்ததற்காக வழங்கிக்குப் பாராட்டு. இரண்டாவது பத்தி இது: "தங்கள் பணியிடத்தில் வழங்கியில் இல்லாத ஒருவர் நடமாடுவதாகத் தெரிகிறது. இது முரண்பாடு. ஒத்திசைவுக் குழு நேரில் வந்து முரண்பாட்டை நீக்கும். ஒத்துழைக்கவும்."

"நீக்கும்னா என்னண்ணே?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

குழு வந்தது. கரைக்கு ஏறும் சேற்றுப் பாதையில் அவர்கள் ஜீப்பின் டயர் காற்று இறங்கிவிட்டது. ஒருவர் இறங்கி நடந்து வந்து, என்னையும் பம்பையும் கூட்டிக்கொண்டு போனார். அதனால்தான் நான் அங்கே இருக்க நேர்ந்தது. இரண்டு பேர். மூத்தவர் நல்ல மனிதர். வியர்த்தபடி காற்றடித்த எனக்குக் குடை பிடித்தார். இளையவர் ஜீப்பின் பின்னாலிருந்து தடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார்.

மதகறைக்கு வெளியே மதகுக்காரர் ஒரு கல்லின் மேலும், மனைவி அவர் பக்கத்தில் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பயப்படாதீங்க" என்றார் மூத்தவர். "சின்ன வேலைதான். வழங்கியில ஒருத்தர் இல்ல. இங்க ஒருத்தர் இருக்காரு. ரெண்டும் ஒண்ணா ஆகணும், அவ்வளவுதான்."

"ஐயா, ஒரு எழுத்துங்கய்யா" என்றார் மதகுக்காரர். "சின்ன ர போட்டுட்டாங்க. அதைத் திருத்திட்டாப் போதும்."

"திருத்தலாமே. ஆனா திருத்தக் கேட்டது யாருன்னு வழங்கியில பதியணும். வழங்கியில நீங்க இல்லையே. யாரு பேருல பதியிறது?"

"நான் பதியிறேன்" என்றார் அந்தம்மா. "என் பேரு இருக்கே!"

"நீங்க பதியலாம்மா. ஆனா அவர் உயிரோட இருக்காருன்னு நீங்க சொன்னா, இரக்க அடிப்படையில உங்களுக்குக் குடுத்த வேலை செல்லாது. வேலை செல்லாதுன்னா நீங்க பதிஞ்சதும் செல்லாது." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நாங்களும் யோசிச்சுப் பாத்தோம். அங்க திருத்த முடியலைன்னா, இங்கதான் திருத்தணும்."

இளையவர் தரையில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து விரிப்பை உதறிப் போட்டார். நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

மூத்தவர் பையிலிருந்து கையளவு கருவி ஒன்றை எடுத்தார். அதில் ஒரு பொத்தானைக் காட்டினார். "'உறுதி செய்'னு இருக்குல்ல, இதை அமுக்கணும். அமுக்கினாத்தான் நாங்க தொடலாம். விதி. நாங்க ஒண்ணும் காட்டுமிராண்டிங்க இல்ல." அமுக்கினார். ஒரு வட்டம் சுற்றியது. "ப்ச். சிக்னல் இல்ல."

"மழைங்கய்யா" என்றார் மதகுக்காரர்.

"காத்திருப்போம்."

காத்திருந்தோம். அந்தம்மா எழுந்து போய் மதகறை அடுப்பில் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். இத்தனை வருஷமாக எங்கள் தெருவே சிக்னல் வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தது. நான் வானத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பெய்துவிட்டுப் போயேன் என்று கெஞ்சினேன். தூறல் நின்றது. ஏரிக்கு அந்தப் பக்கம் மேகம் விலகி வெயில் ஒரு பட்டையாக விழுந்தது.

மூத்தவர் கருவியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கரையில் இப்படியும் அப்படியும் நடந்தார். மதகறைக் கூரையில் ஏறிப் பார்த்தார். வந்து இவர் முன்னால் நின்றார்.

"நீங்க இங்க வருஷக்கணக்கா இருந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. எங்க நின்னா சிக்னல் கிடைக்கும்?"

மதகுக்காரர் அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. பொய் சொன்னதுமில்லை. அஞ்சலிக்குக்கூட எழுந்து நின்றவர். அவர் வாய் திறந்தார். அந்தம்மா அவர் கையை இறுக்கிப் பிடித்தார்.

"இங்க எங்கயும் வராதுங்கய்யா" என்றார்.

"எங்கயுமேவா?"

"எங்கயுமேங்க."

"கொஞ்சம் எழுந்திரிங்களேன். நீங்க உக்காந்திருக்கிற கல்லு மேல நின்னு ஒரு தடவை பாத்துடறேன். கொஞ்சம் உசரமா இருக்கு."

"முட்டி வலிங்கய்யா" என்றார் மதகுக்காரர். "எழுந்தா உக்கார முடியாது."

மூத்தவர் தலையாட்டினார். நோயாளியைத் தொந்தரவு செய்ய விரும்பாத மனிதர். திரும்பி ஜீப்பை நோக்கி இரண்டடி வைத்தார். இளையவர் விரிப்பின் மூலையிலிருந்த கல்லை எடுத்தார். அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு கணவரோடு இன்னும் நெருங்கி, அந்தச் சிக்னல் கல்லின் மேலேயே உட்கார்ந்தார்.

அப்போது அவர் மடியிலிருந்த போன் "டிங்" என்றது.